பந்தயத்துக்கென்று சேர்த்து வைத்த பெட்ரோல்

டியூனிங் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வண்டி வந்து நின்றதும் லேப்டாப்பைத் திறக்காதீர்கள். டேங்க் மூடியைத் திறந்து மூக்கைக் கொண்டுபோய் வையுங்கள். சிரிக்க வேண்டாம், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெருமாட்டியில் தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு ஷெட் போட்டுக்கொண்டு பாதி ஆயுளை டர்போவோடும் ஸ்பானரோடும் மல்லுக்கட்டியவன் நான். இப்போது ஓய்வில் இருப்பதாக வீட்டில் சொல்லிக்கொள்கிறார்கள். ரோட்டில் ஒரு வண்டி இஞ்சின் தட்டிக்கொண்டு போனால் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். இதற்குப் பெயர் ஓய்வென்றால் ஓய்வுதான்.

சொல்வதற்குக் கதைகள் நிறைய உண்டு. காந்தலூரில் நடந்ததை மட்டும் இன்றைக்குச் சொல்கிறேன். எழுத உட்கார்ந்ததுமே கை பரபரக்கிறது.

ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அந்தோணி என்று ஒருவர், ஃபேக்டரியில் வேலை பார்க்கிறார். அவர் மகள் ஜெசிந்தா, சுற்றுலாப் பயணிகளை மலைமேல் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறவள். கல்லும் சேறுமான பாதையில் அவள் ஜீப்பைத் திருப்புவதைப் பார்த்தவர்கள் எல்லாம், இவள் பந்தயத்துக்குப் போக வேண்டியவள் என்று சொல்லிச் சொல்லி ஆசையைக் கிளப்பிவிட்டார்கள். கடைசியில் அப்பாவும் மகளும் சேர்ந்து ஒரு பழைய டர்போ கார் வாங்கி என் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வண்டி சின்னது, இஞ்சின் தங்கம். நானும் பிரவீனும் அதை டியூன் செய்து கொடுத்தோம். பிரவீன் பொள்ளாச்சிக்காரன். எங்கள் ஷெட்டில் லேப்டாப் வேலை முழுக்க அவன் பொறுப்பு.

டியூன் செய்வது என்பது வேறொன்றுமில்லை, பெட்ரோல் எவ்வளவு அழுத்தம் தாங்குமோ அந்த எல்லை வரைக்கும் இஞ்சினைத் தள்ளிக்கொண்டு போவது. பிரீமியம் பெட்ரோல் அதிகம் தாங்கும். தாங்காத பெட்ரோலை ஊற்றினால் அது நேரத்துக்கு முன்னால் தானாகவே பற்றிக்கொள்ளும். அப்போது உள்ளே யாரோ சின்னச் சுத்தியால் தட்டுவது போலக் கேட்கும். அந்தத் தட்டலோடு ஏற்றத்தில் விரட்டினால் பிஸ்டன் உடைந்துபோகும். ஜெசிந்தாவின் வண்டியைப் பிரீமியத்துக்கென்றே டியூன் செய்திருந்தோம். "வேற பெட்ரோல் ஊத்தீராதீங்கண்ணா" என்று அந்தோணியிடம் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன்.

அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஏலப்பாறைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மழை பிடிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துவிடுவார்கள். அரிசி, விறகு, கருவாடு, எல்லாம். மலை சரிந்து ரோடு அடைத்துக்கொண்டால் யாரிடம் போய்க் கேட்பது? அந்தோணியும் அப்படித்தான் மழைக்கு முன்னால் வண்டியைக் கீழே கம்பத்துக்குக் கொண்டுபோய், பிரீமியம் பெட்ரோலை டேங்க் நிறைய நிரப்பிக்கொண்டு வந்து தன் வீட்டு ஷெட்டில் நிறுத்திவிட்டார். பந்தயம் வரைக்கும் அதைத் தொடுவதில்லை என்று தீர்மானம். ஆனால் வண்டி சும்மா நின்றால் நோய் பிடிக்குமே என்று, ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் உறுமவிட்டு நிறுத்துவாராம். பிள்ளைக்குப் பால் புகட்டுவது போல அத்தனை கவனம்.

மழை போய், பனிக்காலம் வந்து, காந்தலூரில் ஒரு தனியார் எஸ்டேட் ரோட்டில் மலையேற்றப் பந்தயம் அறிவித்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டம், அதில் எது வேகமோ அது கணக்கு. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பந்தய அணியின் மேனேஜர் வருகிறார், அணியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, நன்றாக ஓட்டுகிறவரைக் கையோடு அழைத்துக்கொள்வார் என்று பேச்சு. ஜெசிந்தாவுக்கு அந்த ஓர் இடத்தைத் தவிர வேறு நினைப்பே இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வண்டி அவர்களுடைய சேமிப்பு மொத்தமும். இஞ்சின் உடைந்தால் இன்னொரு இஞ்சினுக்கு வழியில்லை, அவள் திரும்பவும் ஜீப்புக்கே போக வேண்டியதுதான்.

காலையில் நாங்கள் போய்ச் சேரும்போது பிக்கப் லாரியிலிருந்து வண்டியை இறக்கியிருந்தார்கள். பூண்டு வயல்களுக்கும் பழத்தோட்டங்களுக்கும் நடுவே ரோடு வளைந்து வளைந்து மேலே போகிறது. ஒரே ஜீப்பும் ஜனமும். அந்தோணி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்காரர் போல எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "பிரீமியமாக்கும்! எடவப்பாதி மழைக்கு முந்தியே கம்பத்துலேந்து கொண்டாந்து வச்சேன். சொட்டு வேற எண்ணெய் கலக்கல" என்று ஒரே பெருமை. அந்த மேனேஜரிடமும் சொல்லியிருக்கிறார். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாராம்.

ஜெசிந்தா சாவியைத் திருகினாள். வண்டி இழுத்தது, இழுத்தது, கொஞ்சம் இருமிவிட்டுப் பிடித்தது. "குளிருல்லா, அப்பிடித்தான்" என்றார் அந்தோணி. சூடேற்றிக்கொள்ள ஒரு சின்ன மேட்டில் ஏறிவிட்டு வரச் சொன்னேன். ஏறினாள். பாதி மேட்டில் கேட்டுவிட்டது. டிக், டிக், டிக்.  கையைத் தூக்கிக் கத்தி அவளை நிறுத்தினேன்.

இந்த மாதிரி நேரத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், பழகிக்கொள்ளுங்கள். ஒருவர் சென்சார் என்றார். ஒருவர் உயரம் அதிகம், காற்று லேசு என்றார். பக்கத்து வண்டிக்காரர் நல்ல மனசோடு ஒரு பூஸ்டர் பாட்டிலை எடுத்து வந்து, இதை டேங்கில் ஊற்றினால் பெட்ரோலின் தரம் ஏறிவிடும் என்று பாட்டில் மூடியையே திருகிவிட்டார். ஜெசிந்தா முகம் வெளுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முதல் ஓட்டத்துக்கு வண்டிகளை வரிசையில் நிற்கச் சொல்லி மைக்கில் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

பிரவீன் லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு என்னைத் தனியே இழுத்தான். "அண்ணா, ஒரு சிலிண்டர்ல தட்டுனா இன்ஜெக்டர்ங்கலாம், சென்சார்ங்கலாம். நாலுலயும் ஒரே மாதிரி தட்டுதுங்க. எல்லாத்துக்கும் பொதுவா உள்ள போறது ஒண்ணுதானுங்களே?"

அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. போய் டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தேன். நல்ல பெட்ரோல் மூக்கில் சுருக்கென்று ஏறும். இது ஏறவில்லை. பழைய வார்னிஷ் டப்பா போல மொத்தையாக ஒரு வாடை வந்தது.

அடுத்து நான் செய்ததைக் கவனியுங்கள். காலித் தண்ணீர் பாட்டிலில் அந்தப் பெட்ரோலைப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஆனால் அந்தோணி பக்கத்திலேயே நிற்கிறார். காலையிலிருந்து ஊருக்கே சொல்லிப் பெருமைப்பட்ட மனுஷன். கூட்டத்துக்கு நடுவே அவர் கண்ணெதிரில் அதைப் பிடித்தால் அவர் மனசு உடையும், அதைப் பார்த்து மகள் மனசு உடையும், அப்புறம் வண்டியை யார் ஓட்டுவது?

"ஏனுங்கண்ணா, ஒரு உபகாரம். ஜீப் ஒண்ணப் புடிச்சு கீழ பங்க்குக்குப் போய் ரெண்டு கேன் பெட்ரோல் வாங்கிட்டு வாங்க" என்றேன்.

"அங்க பிரீமியம் கெடைக்காதே அண்ணாச்சி."

"சாதாவே போதுங்க. இப்பத்தான் லாரி வந்து எறக்கீட்டுப் போச்சுன்னு பேசிக்கறாங்க."

"சாதாவா?" என்று அவர் கேட்ட விதத்தை இப்போது நினைத்தாலும் பாவமாக இருக்கிறது. சோற்றில் மண்ணைப் போடச் சொன்னது போலப் பார்த்தார். இருந்தாலும் போனார்.

அவர் போனதும் பாட்டிலில் பிடித்தோம். கலங்கலாக வந்தது. கொஞ்சம் அசையாமல் வைத்ததும் அடியில் ஒரு படலம் தனியாகத் தங்கியது. 

என்ன நடந்தது என்றால் இதுதான். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அந்தப் பிரீமியத்திலும் கலந்திருந்தது. எத்தனால் ஈரத்தைக் கண்டால் விடாது, இழுத்துக்கொள்ளும். சாதாரணக் காரின் டேங்க் ஓரளவு அடைப்பாக இருக்கும். பந்தயத்துக்கு மாற்றிய வண்டிகளில் எடை குறைக்க, டேங்கிலிருந்து வரும் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவைக் கழற்றிவிட்டுக் குழாயைத் திறந்தபடி விட்டுவிடுவார்கள். இந்த வண்டியை முன்பு வைத்திருந்தவர் அப்படித்தான் செய்திருந்தார். ஓடி ஓடித் தீர்த்து, தீரத் தீர நிரப்புகிற வண்டிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. நின்றுகொண்டே இருந்தால்? பகல் சூட்டில் டேங்க் மூச்சை விடும், இரவுக் குளிரில் இழுக்கும். ஏலப்பாறையில் அது இழுப்பது காற்றா? கோடையாக்கும். அங்கே கோடை என்றால் வெயில் என்று நினைக்காதீர்கள், ஜன்னலைத் திறந்தால் வீட்டுக்குள் வந்து உட்காரும் மூடுபனிக்குத்தான் அந்தப் பெயர். மழைக்காலம் பூராவும் அந்த டேங்க் மூடுபனியைக் குடித்திருக்கிறது. ஈரம் அளவு மீறியதும் எத்தனால் அதோடு சேர்ந்து அடியில் தங்கிவிட்டது. பெட்ரோலுக்குத் தாங்கும் சக்தி கொடுத்ததில் பெரும் பங்கு அந்த எத்தனாலுக்குத்தான்.

போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை சேவை வேறு. டியூன் செய்த இந்த வண்டியில் பெரிய பம்ப். அது இஞ்சினுக்குத் தேவையானதற்கு மேல் பெட்ரோலைத் தள்ளும், மிச்சம் சூடாகித் திரும்ப டேங்குக்கே வரும். ஒவ்வொரு வாரமும் அப்படிச் சூடாகி, எளிதில் ஆவியாகி ஸ்டார்ட் ஆக உதவுகிற லேசான சரக்கு அந்தத் திறந்த குழாய் வழியே பறந்துவிட்டது. டேங்கும் குறையக் குறைய உள்ளே காற்றுக்கு இடம் கூடியது. மொத்தத்தில் பிரீமியத்தில் மிஞ்சியது பெயர் மட்டும்தான்.

பூஸ்டர்காரர் இன்னும் பாட்டிலோடு நின்றார். "கெட்ட பாலுக்குச் சக்கர போட்டு என்னங்க பண்றது?" என்று கும்பிட்டு அனுப்பினேன். பிறகு ஜெசிந்தாவிடம் போனேன்.

"மொத ஓட்டத்த விட்டுரு கண்ணு."

"மாமா! ரெண்டே ஓட்டம்தான். மேனேஜர் அவுக பாக்குறதுக்குன்னே வந்திருக்காக. ஒண்ண விட்டா என்னைய மறந்துருவாக."

"இப்பப் போனா அடுத்ததுக்கு வண்டி இருக்காது."

அவள் பாட்டிலைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் விழவிடவில்லை. "அப்பா பாத்தாவளா?"

"இல்ல. அனுப்பிட்டேன்."

"சரி. சாதா பெட்ரோல்ல நான் ஜெயிப்பனா?"

நண்பர்களே, இந்த இடத்தில்தான் பலர் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவார்கள். தைரியம் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். உங்கள் கையில் இருப்பதற்கு மட்டும் வாக்குக் கொடுங்கள். "ஜெயிப்பியான்னு எனக்குத் தெரியாது கண்ணு. நீ மிதிக்கறப்ப இஞ்சின் உன்னக் கைவிடாது. அதுக்கு நான் பொறுப்பு" என்றேன். அவள் கதவைத் திறந்து இறங்கி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "பின் சீட்ட நானே கழத்துதேன்" என்றாள்.

அப்புறம் பாருங்கள் வேலையை! சீட்டைத் தூக்கி, பம்ப்பை வெளியே எடுத்து, டேங்கை ஒட்ட ஒட்ட வடித்துத் துடைத்தோம். முதல் ஓட்டம் எங்களைத் தாண்டி நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வண்டி சீறிப் போகும்போதும் ஜெசிந்தாவின் தோள் ஒரு முறை இறுகும், பிறகு கை வேலையைத் தொடரும். அவள் பெயரை மைக்கில் கூப்பிட்டார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். பிறகு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். மேனேஜர் எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே வளைவுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தச் சமயம் பார்த்து அந்தோணி கேன்களோடு வந்து நின்றார். எல்லாவற்றையும் மறைத்தேனே, பானட் மேல் வைத்த பாட்டிலை எடுத்து வைக்க மறந்துபோனேன். அவர் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஃபேக்டரிக்காரர், யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இது நான் வச்சிருந்ததா?"

பாட்டிலைச் சாய்த்து அந்தப் படலத்தை இன்னொரு முறை பார்த்தார்.

"எம்மவ இஞ்சின நானே ஒடைக்கப் பாத்தேன்லா அண்ணாச்சி" என்றார். குரல் போய்விட்டது.

 ஆனால் அழுகைக்கு நேரமில்லை. "ஏனுங்கண்ணா, இந்தக் காந்தலூர்ப் பூண்ட வாங்கிட்டுப் போய் அடுப்புக்கு மேல தொங்கவிட்டீங்கன்னா வருசம் பூரா கெடக்கும். கீரையத் தொங்கவிட்டா கெடக்குமுங்களா? பெட்ரோலு கீரைங்க. பிரீமியமே ஆனாலும் கீரைதான். நீங்க பூண்டுன்னு நெனச்சுட்டீங்க, அவ்வளவுதான்."

ஜெசிந்தா டேங்குக்குள் கையை விட்டபடியே சொன்னாள்: "சும்மா தொங்கவிட்டாலும் பரவாயில்ல மாமா. பூசை முடிஞ்சு வந்து வாராவாரம் அதுக்கு வெந்நியில்லா ஊத்துனாவ!"

முதலில் சிரித்தது அந்தோணிதான். அழுகையும் சிரிப்பும் கலந்து ஒரு சத்தம். பிறகு வெள்ளைச் சட்டையோடு கேனைத் தூக்கிச் சாய்த்துப் பிடித்தார். குழாயில் பழைய பெட்ரோல் மிச்சமில்லாமல் ஓட்டி எடுத்தோம். பிரவீன் டர்போவின் அழுத்தத்தைக் குறைத்து, பற்றவைக்கும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி, சாதா பெட்ரோலுக்கேற்றபடி மாற்றி எழுதினான். இன்னும் கொஞ்சம் விடலாமே என்று அவனுக்கு ஆசை. நான் காதை மட்டும் நம்பினேன். அந்தச் சின்ன மேட்டில் ஏற்றிப் பார்த்தோம். தட்டல் இல்லை. மறுபடி ஏற்றினோம். சுத்தமாக இல்லை! "போதும், இதுக்கு மேல கை வைக்காத" என்று லேப்டாப்பை மூடவைத்தேன்.

மத்தியானம் இரண்டாவது ஓட்டம். அவள் முறை வருவதற்குள் மேலே மூடுபனி இறங்க ஆரம்பித்தது. எங்களுக்கு முன்னால் போனவர்கள் நடு வளைவுகளில் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே ஏறினார்கள். அந்தோணி மலையை நிமிர்ந்து பார்த்தார். "கோட எறங்கிட்டு" என்றார். அப்புறம் மெதுவாக, "எம்மவளுக்கு அது ஒண்ணும் பண்ணாது" என்றார்.

கொடி விழுந்தது. போனாள்! கீழேயிருந்து ரோடு துண்டு துண்டாகத்தான் தெரியும். முதல் வளைவில் தெரிந்தாள், தோட்டத்துக்குள் மறைந்தாள், பூண்டு வயல் ஓரமாகச் சிவப்பாக ஒரு கீற்று, அதோடு பனிக்குள் போய்விட்டாள். அதற்கப்புறம் எங்களுக்குச் சத்தம் மட்டும்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் இஞ்சின் குரல் இறங்கி, பிசிறில்லாமல் ஏறியது. அழுத்தத்தைக் குறைத்ததில் ஓர் அனுகூலம் இருந்தது, நான் எதிர்பார்த்ததற்கு மேலேயே இருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் பழைய மூர்க்கம் இல்லை, டயர் வழுக்கவில்லை, மிதித்த மிதிக்கு வண்டி வந்தது. பனிக்குள் ஒரு இடத்திலும் அவள் காலை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சத்தத்தில் தெரிந்திருக்கும். அந்தோணி என் கையைப் பிடித்திருந்த பிடியில் மோதிரம் சதைக்குள் இறங்கியது. டிக் என்று ஒரு சத்தம் வருகிறதா, வருகிறதா என்று காது கிழியக் கேட்டேன். வரவில்லை. வரவேயில்லை!

மைக்கில் நேரத்தைச் சொன்னார்கள். அவள் பிரிவில் இரண்டாவது. முதலில் வந்தவர் பனி இல்லாத முதல் ஓட்டத்தில் அந்த நேரத்தை எடுத்திருந்தார். பனியில் ஓடியவர்களில் அவளுக்குப் பக்கத்தில்கூட யாரும் இல்லை. பிரவீன் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு குதித்தான். நானும் குதித்தேன், முட்டி வலியெல்லாம் சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது.

மேனேஜர் மேலேயிருந்து இறங்கி நேராக எங்களிடம் வந்தார். ஜெசிந்தா அதற்குள் வண்டியைக் கீழே கொண்டுவந்து நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நின்றாள். அவர் பானட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்துவிட்டு, அந்தோணி பக்கம் திரும்பினார்.

"சத்தம் அருமையா இருந்துச்சுங்க. காலைல சொன்னீங்களே, அந்தப் பெட்ரோலுங்களா?"

அந்தோணி நிமிர்ந்து நின்றார். காலையில் இருந்த அதே பெருமை முகத்தில்.

"இல்ல சார். சாதா. இன்னைக்கு வாங்குனது."

மேனேஜர் அவரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அடியில் படலம் தங்கிய பாட்டில் ஓரமாக இருந்தது, அதையும் பார்த்தார். "அப்ப அதுக்குத்தான் மொத ஓட்டம் வரலையா?" என்று ஜெசிந்தாவைக் கேட்டார்.

"ஆமா சார். போயிருந்தா வண்டி போயிருக்கும்."

"பொறுத்துக்கத் தெரிஞ்சவங்க எனக்கு ரொம்பத் தேவைங்க" என்றார் அவர். "அடுத்த வாரம் கோயம்புத்தூர் வந்துரும்மா. சீட் உனக்குத்தான்."

ஜெசிந்தா அப்பா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த வெள்ளைச் சட்டை அதற்குள் பெட்ரோலும் கிரீஸுமாகப் பார்க்க முடியாத கோலத்தில் இருந்தது.

சாயங்காலம் வண்டியைப் பிக்கப் லாரியில் ஏற்றினார்கள். நான் என் காரில் சாவியைப் போடும்போது அந்தோணி ஒரு ஹோஸையும் கேனையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கேனில் பாதிக்கு மேல் பெட்ரோல். பந்தய வண்டியின் டேங்கில் மிச்சமிருந்ததை வடித்திருக்கிறார்.

"உங்க வண்டில ஊத்திக்கிடுங்க அண்ணாச்சி."

"ஏனுங்கண்ணா, நல்ல பெட்ரோலுதானுங்களே இது. எடுத்துட்டுப் போங்க."

"நல்லதுதான். நல்லா இருக்கையிலயே ஓடட்டும்" என்று சொல்லிக்கொண்டே என் டேங்க் மூடியைத் திறந்தார். ஊற்றுவதற்கு முன்னால் கேனில் மூக்கை வைத்து ஒரு முறை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

அந்தப் பெட்ரோலில்தான் பெருமாட்டி வந்து சேர்ந்தேன்.